ஐப்பசி விருந்தினரும் ஓர் அறிஞரும்

ஐப்பசித் திங்கள் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்து வானத்திற்குத் தனியொரு முகம் வந்துவிடுகிறது. காலையில் தெளிந்த வெயில். பிற்பகலில் கிழக்கே மலைப்பக்கத்தில் இடிமுழக்கம். அந்தி சாய்வதற்குள் துலாவர்ஷ மழை. இத்திங்களில்தான் பத்மநாபசுவாமி திருக்கோயிலின் அல்பசி உற்சவம் நடந்து, ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரையைச் சென்றடைகிறது. நம் காலனிக் குடும்பங்கள் பலவும் அன்று குழந்தைகளுடன் கடற்கரைக்குச் செல்கின்றன. கூட்டம் கலைந்த பின், மறுநாள் விடியற்காலையில் கடலோரத்திற்குச் சென்று பார்ப்பவரோ மிகச் சிலர்.

வேளி தொடங்கிப் பூவாறு வரையில், மணற்பரப்பு இன்னும் எஞ்சியிருக்கும் இடங்களில் அவர்கள் ஒரு வேடிக்கையைக் காணலாம். அலை பின்வாங்கும்போது அதனைத் துரத்திக்கொண்டு ஓடியும், அலை திரும்பும்போது கரைநோக்கி விரைந்து வந்தும், ஈர மணலைக் குத்திக் குத்தி இரை தேடும் வெளிர்சாம்பல் நிறச் சிறு பறவைகள் அங்கே இருக்கும். உள்ளான் இனத்தைச் சேர்ந்த அவை ஒரு கைப்பிடிக்குள் அடங்குபவை. வடதுருவத்தை அடுத்த பனிநிலத்தில் முட்டையிலிருந்து வெளிவந்து, பனிக்காலத்தைக் கழிக்க நம் கரைக்கு வந்தவை. அதே நாட்களில் நகருக்குத் தெற்கே வெள்ளாயணி ஏரியிலும், அதனையொட்டிய புஞ்சக்கரி வயல்களிலும் வேறு விருந்தினர் இறங்குகின்றனர். மின்கம்பியில் வரிசையாய் அமரும் தகைவிலான்கள், வரப்பில் வாலை மேலும் கீழும் அசைத்து நடக்கும் வாலாட்டிக் குருவிகள், நீரில் மிதக்கும் நீலச்சிறகி வாத்துகள், சைபீரியாவிலிருந்து வரும் பொன்னிற உப்புக்கொத்திகள் என அப்பட்டியல் நீளும். இவற்றோடு இங்கேயே வாழும் தாழைக்கோழியும், தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியும், செந்நாரையும் சேர்ந்துகொண்டால் ஏரி ஒரு சந்தையாகிவிடும்.

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடி வந்து, ஆண்டுக்கொரு முறை ஊர் சென்று திரும்பும் நமக்கு, இப்பறவைகளிடம் சற்றுக் கூடுதலான பரிவு தோன்றுவது இயல்பே. இவை எங்கிருந்து வருகின்றன, எங்கே தங்குகின்றன, மீண்டும் அதே இடத்திற்குத்தான் வருகின்றனவா என்னும் கேள்விகளை இந்நாட்டில் முறையாகக் கேட்டு, விடை காண ஒரு வாழ்நாளையே செலவிட்டவர் டாக்டர் சாலிம் அலி. அவர் திருவிதாங்கூர் மண்ணிலும் நடந்து திரிந்தவர். அவருடைய வரலாற்றை நம் சங்கத்து இளைஞர்கள் அறிதல் நன்று.

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் ஒரு சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளைப்பேறு இல்லாத தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவர் மனைவி ஹமீதா பேகமும் அக்குழந்தைகளை வளர்த்தனர். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தயாப்ஜியும் இவருக்கு மாமன் முறையினரே.

வேட்டையாடுதல் பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. சிறுவன் சாலிமின் கையிலும் ஒரு காற்றுத்துப்பாக்கி இருந்தது. ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் தீற்று ஒன்று காணப்பட்டது. இது என்ன குருவி என்று மாமனுக்கும் தெரியவில்லை. மாமன் ஒரு கடிதம் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு துரையிடம் சிறுவனை அனுப்பினார். வெள்ளைக்காரத் துரை ஒருவரை நேரில் காணும் அச்சத்தோடு சென்ற சிறுவனை அவர் அன்போடு வரவேற்று, குருவியின் பெயரைச் சொல்லி, கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். அக்கதவு அன்று திறவாதிருந்தால் சாலிம் அலி நல்லதொரு வேட்டைக்காரராகவே முதுமை எய்தியிருக்கக் கூடும்.

படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை என்பதை நம் வீட்டுப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். 1913-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரிக் கணக்கு அவரை விரட்டியது. 1914-இல் பர்மாவில் தவாய் என்னும் ஊருக்குச் சென்று, குடும்பத்தாரின் உலோகச் சுரங்கத்தையும் மர வாணிகத்தையும் பார்த்துக்கொண்டார். தமிழர் பலர் கடல் கடந்து சென்று பொருளீட்டிய அதே பர்மாதான். இவரோ பொருளீட்டவில்லை. காட்டுக்குள் பறவைகளின் பின்னே திரிந்தார், வாணிகம் நொடித்தது. 1917-இல் பம்பாய் திரும்பி, வணிகக் கல்வியும், தூய சேவியர் கல்லூரியில் விலங்கியலும் சிறிது பயின்றார். 1918-இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அதுவும் கைநழுவிற்று. 1926-இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில், வருவோர்க்கு விளக்கம் கூறும் விரிவுரையாளராக 350 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அதுவும் சலித்துவிட்டது.

1928-இல் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்றதே அவர் வாழ்வின் திருப்பம் எனலாம். பெர்லின் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் அவரை மாணாக்கராக ஏற்றார். இந்தியர் ஆயிற்றே, பட்டம் இல்லாதவர் ஆயிற்றே என்று அவர் தயங்கவில்லை. இறுதிவரை அவரையே தம் குருவாகச் சாலிம் அலி போற்றி வந்தார். வடகடலில் உள்ள ஹெலிகோலாந்து என்னும் சிறு தீவில், வலசை வரும் பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த உலோக வளையம் பூட்டி விடுவிக்கும் முறையையும் அங்கே நேரில் கண்டார். ஒரு பறவை என்பது வெறும் இறகும் எலும்பும் அன்று, அது ஒரு பயணி, அதற்கு ஒரு முகவரி உண்டு என்னும் எண்ணம் அத்தீவில்தான் அவர் உள்ளத்தில் வேரூன்றியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1930-இல் தாயகம் திரும்பியவருக்கு வேலை இல்லை. பணமில்லாமையால் அப்பதவியையே அருங்காட்சியகத்தார் நீக்கிவிட்டிருந்தனர். கணவனும் மனைவியுமாகப் பம்பாய்க்கு அப்பாலுள்ள கிஹீம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினர். வேலையற்றவன் என்று உலகம் கூறும் அந்த மழைக்காலத்தில் அவர் வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளைப் பொழுதெல்லாம் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்துகிறது. பெண் வந்து உள்ளே புகுந்து சோதிக்கிறது. அதற்குப் பிடித்தால்தான் கூடு நிறைவு பெறுகிறது. உடனே ஆண் அடுத்த கூட்டிற்கு அடிக்கால் நட்டு, அடுத்த பெண்ணை எதிர்நோக்குகிறது. காலங்காலமாக எல்லோரும் பார்த்த குருவிதான். இதனை ஒழுங்காகப் பார்த்து எழுதியவர் இவரே. அக்கட்டுரை அவருக்கு அறிஞருலகில் பெயரைத் தந்தது.

பெயர் வந்தது, சோறு வரவில்லை. எனவே அவர் ஒரு வழி கண்டார். சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகவும், தமக்கு ஊதியம் வேண்டா, முகாம்ச் செலவை மட்டும் சமஸ்தானம் ஏற்றால் போதும் என்றும் முன்வந்தார். முதலில் ஐதராபாத், அடுத்து, 1933-ஆம் ஆண்டில், திருவிதாங்கூரும் கொச்சியும்.

அப்போது இளைய மன்னராகிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆட்சிப் பொறுப்பேற்று ஓராண்டு சற்றே கடந்திருந்தது. அந்நாளைய திருவிதாங்கூர் என்பது இன்றைய கேரளத்தின் தென்பாதி மட்டுமன்று. 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி, நாகர்கோவில் பகுதிகளும் அதற்குள் அடங்கியிருந்தன. ஆதலால் நம் சங்கத்து உறுப்பினர் பலருடைய சொந்த ஊர்களும் அவர் நடந்த மண்ணே. ஜனவரியில் மறையூர் மலைப்பக்கத்தில் தொடங்கிய பணி, குமுளி, தட்டேக்காடு, கொச்சிக் காட்டு டிராம்வண்டிப் பாதையிலிருந்த குரியார்குட்டி, திருவனந்தபுரம், குமரிமுனை என்று மலையிலும் சமவெளியிலும் கரையிலுமாகச் சென்றது. முகாமில் தெஹ்மினா அம்மையாரும் உடனிருந்தார். இங்கிலாந்தில் ஓரளவு கல்வி கற்றவர் அவர். நகர வாழ்வின் வசதிகளுக்குப் பழகியவர். கூடாரத்திலும் பயணிகள் விடுதியிலும் அட்டைக்கடிக்கு நடுவே குடித்தனம் நடத்தி, கணவரின் ஆங்கில நடையையும் திருத்தி மெருகேற்றினார். சாலிம் அலியின் எழுத்து எளிமையும் நகைச்சுவையும் கொண்டு விளங்குவதில் அவ்வம்மையாருக்குப் பெரும் பங்குண்டு.

இங்கே முன்னோடிகளையும் மறத்தல் ஆகாது. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த பெர்குசனும், வன அதிகாரி போர்டில்லனும் திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றி 1903, 1904 ஆண்டுகளிலேயே எழுதியிருந்தனர். சாலிம் அலி செய்த மாற்றம் யாதெனில், என்ன பறவை உண்டு என்னும் பட்டியலோடு நில்லாமல், அது எந்த உயரத்தில், எவ்வகை மரத்தில், எந்த மாதத்தில், எதை உண்டு வாழ்கிறது என்று கேட்டதே ஆகும். வலசைப் பறவைக்கு மாதம் என்பது உயிர்நாடி. ஓர் உள்ளானை வெள்ளாயணியில் கண்டேன் என்பது பாதிச் செய்தி. எந்நாளில் கண்டேன் என்பதே மறுபாதி. அம்முடிவுகள் முதலில் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் தொடர்ந்து வெளிவந்தன. பின்னர் 1953-இல் திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைகள் பற்றிய நூலாக உருப்பெற்றன. 1969-இல் அந்நூல் கேரளப் பறவைகள் என்னும் பெயரில் மறுபதிப்புக் கண்டது. அவர் சென்ற அதே இடங்களுக்கு 2009-ஆம் ஆண்டில் ஒரு குழு மீண்டும் சென்று கணக்கெடுத்தது. முக்கால் நூற்றாண்டுக்குப் பின் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் அளவுகோல் இருந்ததே அவர் எழுதி வைத்ததால்தான்.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு என் பெயர்த்திக்கு இவ்வரலாற்றைக் கூறியபோது, பறவைகளைச் சுட்டவர் எப்படிப் பறவைகளின் நண்பர் ஆவார் என்று கேட்டுவிட்டாள். உண்மை, கணக்கெடுப்புகளின்போது அவர் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்து சேர்த்தார். நல்ல தொலைநோக்கியும் படக்கருவியும் அரிதாயிருந்த அக்காலத்தில், கையில் எடுத்து அளந்து பார்த்தாலொழிய ஓர் இனத்தை மற்றோர் இனத்தினின்று பிரித்தறிதல் இயலாது. சட்டமும் அதனைத் தடுக்கவில்லை. தேவையான அளவு மட்டுமே எடுத்ததாகவும், அது அறிவியலுக்கு இன்றியமையாதது என்றும் அவர் கருதினார். அதற்காக வருந்தவும் இல்லை. பெயர்த்தி இவ்விடையை முழுதும் ஏற்றுக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆயினும் பிற்காலத்தில் அவர் கையிலிருந்த கருவி துப்பாக்கியன்று, வளையம் என்பதையும் அவளிடம் சேர்த்துச் சொன்னேன்.

1939-இல் சிறியதோர் அறுவை மருத்துவத்தின் பின் தெஹ்மினா அம்மையார் திடீரென மறைந்தார். சாலிம் அலிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மறுமணம் செய்துகொள்ளவில்லை, தம் தமக்கையின் இல்லத்தில் தங்கிக்கொண்டு, முழுப்பொழுதையும் பறவைகளுக்கே அளித்துவிட்டார். இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1941-இல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு, யாவர்க்கும் விளங்கும் நடையில் அமைந்த அந்நூல்தான், வேட்டைக்காரரும் துரைமாரும் மட்டுமே அறிந்திருந்த ஒரு கலையை நடுத்தரக் குடும்பங்களின் முற்றத்திற்குக் கொண்டுவந்தது. அப்புத்தகத்தின் முதற்பிரதியை ஒரு தந்தையும் தாயும் விலை கொடுத்து வாங்குவதற்குள் எத்தனை முறை யோசித்திருப்பார்கள் என்று நான் எண்ணுவதுண்டு.

வளையத்தைப் பற்றிச் சொன்னேன். பம்பாயில் ஒரு வீட்டுப் புல்தரைக்குப் பனிக்காலந்தோறும் வந்த சாம்பல் வாலாட்டிக் குருவி ஒன்றுக்கு அவர் வளையம் பூட்டினார். கோடையில் இமயமலைச் சாரலுக்குப் போய்க் கூடு கட்டும் இனம் அது. மறு ஆண்டு வளையத்தோடு அதே குருவி, அதே சிறு புல்தரைக்குத் திரும்பியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் திரும்பியது. நகரம் முழுதும் தோட்டங்கள் இருக்க, இமயத்தினின்று புறப்பட்ட ஒரு சிட்டளவு உயிர் ஒரு குறிப்பிட்ட வீட்டு வாசலைத் தேடி வருகிறது! ரயில் முன்பதிவு செய்து, ஊர் போய், திரும்பி நம் காலனிக் கதவைத் திறக்கும் நமக்கு இது வியப்பன்று என்று தோன்றலாம். நமக்கோ வழிகாட்டப் பெயர்ப்பலகை உண்டு. வலசைப் பறவைக்கு ஓரிடம் போனால் வேறோரிடம் என்பது அத்துணை எளிதன்று என்னும் உண்மையை அவ்வளையம் காட்டிற்று.

இப்பணி பெரிய அளவில் நடைபெற ஒரு நோய் காரணமாயிற்று. 1957-இல் மைசூர் மாநிலத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகளும் மனிதரும் மாண்ட காய்ச்சல் ஒன்று தோன்றியது. அதனைப் பரப்பும் உண்ணிகளை வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் கொணர்ந்திருக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் சாலிம் அலி பறவைகளுக்கு வளையமிடும் திட்டத்தை நடத்தினார். ஒவ்வொரு வளையத்திலும் ஓர் எண்ணும், கண்டெடுப்போர் கழகத்திற்குத் தெரிவிக்குமாறு ஒரு வேண்டுகோளும் பொறிக்கப்பட்டன. அதற்குத் தெரிந்தெடுத்த இடங்களுள் தலையாயது நம் கோடிக்கரை. பொன்னியின் செல்வன் படித்தோர்க்கு அப்பெயர் புதிதன்று. வேதாரண்யத்தை அடுத்து, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பாக் நீரிணையுமாக, உப்பளமும் சேற்றுநிலமும் பசுங்காடும் கலந்த அம்முனையில் ஐப்பசி கார்த்திகையில் உள்ளான்களும் ஆலாக்களும் பூநாரைகளும் ஆயிரக்கணக்கில் இறங்கும். இரவில் வலை கட்டி, விடியுமுன் ஒவ்வொன்றாக எடுத்து, எடை பார்த்து, இறகளந்து, வளையமிட்டு விடுவித்தனர். அறுபது வயதைக் கடந்த முதியவர் சேற்றில் இறங்கி நின்று இதனைச் செய்தார். 1967-இல் கோடிக்கரை பறவைகள், விலங்குகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

பட்டங்களும் பரிசுகளும் பின்னர்த் தாமே வந்தன. 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண். அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்லியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகள் கொண்ட பேரேடு 1968 முதல் 1974 வரையில் வெளிவந்தது. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் மின் திட்டம் வேண்டா என்று குரல் கொடுத்தோருள் அவரும் ஒருவர். 1984-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமனம் பெற்றார். அவ்வாண்டிலேயே தம் வரலாற்றையும் எழுதி வெளியிட்டு, அதற்கு அந்தப் பழைய சிட்டுக்குருவியின் வீழ்ச்சியையே தலைப்பாக வைத்தார். 1987-ஆம் ஆண்டு, தொண்ணூறாம் வயதில், பம்பாயில் காலமானார். தட்டேக்காட்டுப் பறவைப் புகலிடமும், கோயம்புத்தூர் ஆனைகட்டியில் உள்ள பறவையியல் ஆய்வு மையமும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

கேரளத்தில் அவருடைய வழியைப் பின்பற்றியவர்களுள் முதன்மையானவர் பாலக்காட்டுப் பக்கத்தைச் சேர்ந்த ஆங்கிலப் பேராசிரியர் கே. கே. நீலகண்டன். இந்துசூடன் என்னும் புனைபெயரில் அவர் எழுதிய கேரளப் பறவைகள் பற்றிய மலையாள நூல் 1958-இல் வெளிவந்தது. சாலிம் அலி ஆங்கிலம் அறிந்தோர்க்குத் தந்ததை இவர் ஊர்மக்களின் மொழியில் தந்தார். சாலிம் அலி மறைந்த அந்த 1987-ஆம் ஆண்டில்தான் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கிற்று. ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் அக்கணக்கெடுப்பில் திருவனந்தபுரத்து நீர்நிலைகளும் இடம்பெறுகின்றன. கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற அலுவலர், இல்லத்தரசியர் எனப் பலரும் குறிப்பேட்டோடு வந்து நிற்பதைக் காணலாம். எவர்க்கும் பட்டம் தேவைப்படவில்லை.

வெள்ளாயணி கடலை அடுத்திருந்தும் உவர்ப்பில்லாத நன்னீர் ஏரி. முற்காலத்தில் அதன் ஓரத்து நீரை இறைத்துவிட்டு நெல் விளைத்ததுண்டு. இன்று வயல்களில் பெரும்பகுதி வாழையும் மரவள்ளியும் காய்கறியுமாக மாறிவிட்டது. வாழைத்தோட்டத்தில் உள்ளானுக்கு வேலை இல்லை. அதற்குக் கணுக்கால் அளவு நீரும் சேறும் வேண்டும். மீதியுள்ள சேற்றுநிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்குவதும் ஆங்காங்கே நடக்கிறது. ஆக்குளம், வேளிக் காயல்களின் நிலையும் நகரச் சாக்கடையால் மோசமே. வேளியில் மழைக்குப் பின் பொழி உடைந்து காயல் கடலோடு கலக்கும் நாளில் மட்டும், சேற்றுத் திட்டுகள் வெளிப்பட்டு, ஆலாக்களும் கடற்காகங்களும் அங்கே கூடுவதைக் காணலாம்.

சாலிம் அலி பிறந்த நவம்பர் 12 நம் கணக்கில் ஐப்பசியின் கடைசி வாரத்தில் விழுகிறது. வலசைப் பறவைகள் பெரும்பாலும் வந்து சேர்ந்துவிட்ட வேளை. சென்ற ஆண்டு அந்நாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை நானும் பெயர்த்தியும் காலை ஆறு மணிக்கெல்லாம் புஞ்சக்கரி வரப்பில் நின்றோம். இரவு பெய்த மழையில் வரப்பு வழுக்கிற்று. தொலைநோக்கி ஒன்றே; அதையும் அவளே வைத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்தில் முப்பத்தோரு வகைப் பறவைகளை எழுதினாள். அவற்றுள் இரண்டை நான் ஐயத்தால் அடிக்கச் சொன்னேன். ஒன்றை அடித்தாள், மற்றொன்றை அடிக்க மறுத்துவிட்டாள். மறுநாட் காலையில், எங்கள் காலனியின் தண்ணீர்த் தொட்டியருகே ஈரத் தரையில் ஒரு சாம்பல் வாலாட்டி வாலை அசைத்துக்கொண்டு நடந்தது. காலில் வளையம் இல்லை. முந்திய ஆண்டு வந்ததும் இதுதானா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன். குறிப்பேட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டாள்.